கண்டிராக்டர் காரில் கருகல் வாடை

கார் பழுதுபார்க்கிறவனுக்குக் கையைவிட மூக்குத்தான் முதலில் தேயும். சத்தம் என்றால் வாடிக்கையாளர் வாயாலேயே அதைச் செய்து காட்டிவிடுவார். நடுக்கம் என்றால் முழங்கையை ஆட்டிக் காட்டுவார். வாடையை மட்டும் யாராலும் பட்டறைக்குக் கொண்டுவர முடியாது. "நேத்து சாயங்காலம் வந்துச்சு, இப்ப இல்லே" என்று சொல்லிவிட்டு, இல்லாத ஒன்றை நாம் பிடித்துத் தருவதற்காகக் கைகட்டி நிற்பார்கள். பல் பிடுங்குகிறவர், கடிகாரம் திறக்கிறவர், கூரை ஒழுக்கை அடைக்கிறவர் எல்லோருக்கும் இந்தக் கஷ்டம் தெரிந்திருக்கும். நம்மிடம் வந்து சேரும்போது வலி நின்றிருக்கும், கடிகாரம் ஓடும், மழை பெய்யாது.

பிரிக்பீல்ட்ஸில் ஒரு சீன முதலாளியின் பட்டறையில் நான் பிட்டராக இருந்தேன். கோலாலம்பூரில் குதிரை வண்டியும் காரும் ஒரே தொட்டியில் தண்ணீர் எடுத்த காலம். துரைமார் ஓட்டிச் சலித்த கார்கள் நம்மவர் கைக்கு வரத் தொடங்கியிருந்தன. கார் கைமாறியது. அதை எப்படி வைத்துக்கொள்வது என்ற அறிவு துரையோடு கப்பலேறிப் போய்விட்டது. எங்கள் பிழைப்பு அதனால்தான் நடந்தது என்பதையும் மறைப்பதற்கில்லை.

புகைக்கூடத்துக் கிராணி

பூச்சோங் பக்கம் ஒரு ரப்பர் தோட்டத்தில் கிராணியாக, அதாவது கணக்கெழுதுகிறவராக, இருந்தவர் ஒருநாள் காலை பட்டறைக்குள் காரை ஓட்டிவந்தார். பின்சக்கரங்கள் இரண்டிலிருந்தும் புகை வந்துகொண்டிருந்தது. எதிர்க்கடையில் காப்பி குடித்துக்கொண்டிருந்தவர்கள் கோப்பையோடு எழுந்து நின்றார்கள். கிராணி சாவகாசமாக இறங்கி, கதவைச் சாத்திவிட்டு, ஹார்ன் சரியாக ஊதவில்லை, அதைப் பார்க்க வேண்டும் என்றார். நான் கைப்பிரேக்கைப் பார்த்தேன். கடைசிப் பல் வரைக்கும் இழுத்துவிட்டபடியே இருந்தது. தோட்டத்திலிருந்து அப்படியே வந்திருக்கிறார். வழி நெடுக அந்த எஞ்சின் தன் சொந்தப் பிரேக்கோடு மல்லுக்கட்டியிருக்கிறது.

சக்கரத்தைக் கழற்றினால் பிரேக் பட்டை கரியாகிக் கையோடு வந்தது. வழியில் வாடை வரவில்லையா என்று கேட்டேன். ரப்பர் ஷீட்டுகளுக்குப் புகைபோடும் கூடத்துக்கு அடுத்த அறையில் பல வருஷமாக உட்கார்ந்து வேலை பார்க்கிறவர் அவர். சட்டை, தலைமயிர், உள்ளங்கை எல்லாம் புகை வாடை. மூக்கு எப்போதோ வேலையை விட்டு நின்றுவிட்டது. அதை ஒத்துக்கொள்ள அவருக்கு மனமில்லை. சற்று யோசித்து, கோர்ட்டில் சாட்சி சொல்கிறவர் போல நிதானமாகச் சொன்னார்: "எனக்கு ஒண்ணும் வரலே. எதுக்க வந்த மாட்டு வண்டிக்காரன்தான் மூக்கப் பொத்திக்கிட்டான். அவனுக்குச் சளி போல."

மூக்குள்ள வாடிக்கையாளர்

கிராணியையாவது மன்னிக்கலாம். அதே வாரம் வந்த கண்டிராக்டர் குற்றாலிங்கம் பிள்ளைக்கு மூக்கு மிகக் கூர்மை. திருநெல்வேலிக்காரர். அரசாங்கத்துக்கு ரோடு போட்டுக் கொடுக்கிறவர். கோயில் கமிட்டித் தலைவர். சுத்த சைவம். பக்கத்து வீட்டில் மீன் கழுவினால் இவர் வீட்டில் சாம்பிராணி போடுவார்கள். எட்டு மாதம் முன்பு ஊருக்குத் திரும்பிய ஒரு துரையிடம் இங்கிலீஷ் கார் ஒன்றை வாங்கியிருந்தார். அதை ஓட்டியவன் சவரிமுத்து. ரயில்வேக் குடும்பத்துப் பையன், வேதக்காரன், அதாவது கிறிஸ்தவன். மனைவியோடும் ஒரே மகளோடும் கண்டிராக்டர் வீட்டின் பின்னறையில் குடியிருந்தான்.

காரில் கருகல் வாடை வருகிறது என்றார் கண்டிராக்டர். என்ன மாதிரி வாடை என்று கேட்டேன். எல்லோரிடமும் கேட்பதுதான். கம்பியின் ரப்பர் உறை கருகினால் ஒரு வாடை, பிரேக் கருகினால் ஒரு வாடை, எண்ணெய் சிந்தி எரிந்தால் இன்னொன்று. அவர் குரலைத் தாழ்த்தி, உப்புக்கண்டம் என்றார். உப்புப் போட்டு வெயிலில் காயவைத்த இறைச்சியைச் சுட்டால் வருகிற வாடையாம். இதைச் சாப்பிடாதவருக்கு அதன் வாடை எப்படித் தெரியும் என்று நான் கேட்கவில்லை. சவரிமுத்து மதியச் சாப்பாட்டுக்காக அதை எஞ்சினோடு கட்டிச் சூடாக்குகிறான் என்பது அவர் முடிவு. சவரிமுத்து காருக்கு அந்தப் பக்கம் நின்று, தன்னைப் பற்றிய பேச்சில்லை என்பது போல விளக்குக் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தான்.

அடுத்த வாரம் வெள்ளிக்கிழமை பெரிய எஞ்சினியர் துரை இந்தக் காரில் ஏறி, கிள்ளானில் போட்ட ரோட்டைப் பார்க்க வருகிறார். அதற்குள் வாடை நிற்க வேண்டும். கண்டிராக்டர் எனக்கு இட்ட வேலை இதுதான்: "எஞ்சின்ல கோளாறு இருந்தா எடுத்துப்போடும் வே. இல்லேன்னா கோளாறு இவன்கிட்ட. நான் இவனை எடுத்துப்போடுதேன். வெள்ளிக்கிழமைக்குப் பொறவு காரும் அந்த ரூமும் சுத்தமா இருக்கணும்."

நிற்கிற காரில் தேடுதல்

ஓட்டிப் பார்க்க வேண்டும் என்றேன். கூடாது என்றார். நான் ஓட்டினால் டயர் தேயும். நின்றபடியே கண்டுபிடிக்க வேண்டும். குடையை ஊன்றிக்கொண்டு பக்கத்திலேயே நின்றார். நானும் என்னோடு வேலை பார்த்த ஆ செங்கும் காரின் மூடியைத் திறந்து, ஒயர்களை விரலால் தடவினோம். எங்கும் கருகல் இல்லை. பிரேக்கைக் கழற்றினோம். புதிதாக இருந்தது. எண்ணெய் ஒழுக்கு இல்லை. ரேடியேட்டரில் தண்ணீர் நிறைய இருந்தது. எஞ்சினை ஓடவிட்டு முக்கால் மணி நேரம் மூன்று பேரும் மோந்து பார்த்தோம். பெட்ரோல் வாடையைத் தவிர ஒன்றுமில்லை.

இதற்குள் தெருவில் போனவர்கள் நின்று யோசனை சொல்லத் தொடங்கினார்கள். கார் வாங்காதவர்களுக்குத்தான் காரைப் பற்றி அதிகம் தெரியும். எலி செத்திருக்கும் என்றார் ஒருவர். துரை போட்ட சுருட்டு என்றார் இன்னொருவர். எலிக்கும் சுருட்டுக்கும் கண்டிராக்டர் தலையை ஆட்டி மறுத்து, உப்புக்கண்டத்தை அவர்களுக்கும் சொன்னார். அவர்கள் உடனே ஒப்புக்கொண்டார்கள். எல்லோரும் சவரிமுத்துவைப் பார்த்தார்கள். ஆ செங்குக்குத் தமிழ் அரைகுறை. எந்த இயந்திரத்தின் பழுதையும் சாகிட், அதாவது நோவு, என்ற ஒரே மலாய்ச் சொல்லால் சொல்வான். காசுள்ள முதலாளி யாரானாலும் அவனுக்குத் தவுக்கே. கையைத் துடைத்துவிட்டு என்னிடம் சொன்னான்: "கார் சாகிட் இல்லே லா. தவுக்கே தலைதான் சாகிட்."

என் வெற்றி

மறுநாள் நானே காரின் அடியில் படுத்தேன். புகைக்குழாயைச் சுற்றி நார் ஒன்று கரிந்து ஒட்டிக்கொண்டிருந்தது. கண்டிராக்டர் வெள்ளிதோறும் காருக்குப் பூஜை போடுவார். கல்யாண மாப்பிள்ளைக்குப் போடுகிற அளவில் மாலை. ஓட்டத்தில் அது உதிர்ந்து, வாழைநார் அடியில் போய்ச் சுற்றி, சூட்டில் கருகியிருந்தது. எனக்கு வந்த சந்தோஷத்தைச் சொல்லி முடியாது. கரிந்த நாரை ஒரு தட்டில் வைத்து, பட்டறை வாசலில் எல்லோருக்கும் காட்டினேன். சவரிமுத்து அந்தத் தட்டைச் சாமி படம் பார்ப்பது போலப் பார்த்தான். இனிமேல் எஞ்சினில் ஒரு குறையும் இல்லை என்று கண்டிராக்டரிடம் சத்தமாகச் சொன்னேன். கெட்டிக்காரன் என்று நாலு பேர் காதில் விழட்டும் என்ற ஆசை. தொழிலில் இருக்கிற நீங்கள் இதைச் செய்யாதீர்கள்.

நார் கருகினால் இலை கருகிய வாடைதான் வரும், இறைச்சி வாடை வராது என்பது எனக்குத் தெரியாமல் இல்லை. தெரிந்ததைக் கொஞ்ச நேரம் ஒத்திவைத்திருந்தேன், அவ்வளவுதான். மூன்றாம் நாள் கார் திரும்பி வந்தது. வாடையும் வந்தது. கண்டிராக்டர் முகத்தில் கோபம்கூட இல்லை. நான் அவருக்கு உதவி செய்துவிட்ட மாதிரி பேசினார்: "எஞ்சின்ல குறையில்லேன்னு நீருதான ஊரைக் கூட்டிச் சொன்னீரு. அப்பொ யாருகிட்ட குறை? நீரே சாட்சியாயிட்டீரே வே."

காருக்குத் தலைமுழுக்கு

சாட்சி கிடைத்த பிறகு கண்டிராக்டர் தீட்டுக் கழிக்க முடிவு செய்தார். திங்கட்கிழமை காலை குருக்கள் வந்து, மஞ்சள் தண்ணீரை வேப்பிலையால் காரின் மேல் தெளித்தார். அது போதாதென்று கண்டிராக்டர் எஞ்சின் மூடியைத் திறக்கச் சொல்லி, பாத்திரத்தில் மிச்சமிருந்ததை அப்படியே உள்ளே கவிழ்த்தார். உப்புக்கண்டம் இருந்த இடம் அதுதானே. பிறகு இருக்கைக்கு அடியில் சாம்பிராணி போட்டுக் கதவைச் சாத்தினார்கள். தேரைப் போல நான்கு பக்கமும் புகைந்துகொண்டு கார் நின்றது. ஸ்டார்ட் மட்டும் ஆகவில்லை.

எனக்கு ஆள் அனுப்பினார்கள். தீப்பொறி கொடுக்கிற மேக்னெட்டோவுக்குள் மஞ்சள் தண்ணீர் போயிருந்தது. கழற்றி, வெளியே துணி விரித்து வைத்தேன். அன்றைக்கு மழை மூட்டம். காயவில்லை. வேதக்காரன் கை பட்டதால்தான் கார் முரண்டு பிடிக்கிறது என்று கண்டிராக்டர் சவரிமுத்துவைத் தெருவுக்கு அந்தப் பக்கம் நிற்கச் சொன்னார். அவன் போய் நின்றான். மழை வந்தது. நின்றுகொண்டே இருந்தான். குருக்கள் தன் குடையை விரித்துக் கிளம்பும்போது, மேக்னெட்டோவைக் குனிந்து பார்த்து, உலகம் தெரிந்தவராகச் சொன்னார்: "ஸ்நானம் பண்ணினவா யாரா இருந்தாலும் சித்த நேரம் காயணும் ஓய்."

பத்து தீகா மேடு

புதன்கிழமை வந்துவிட்டது. வெள்ளிக்கு ஒரு நாள்தான் நடுவில். நான் கண்டிராக்டரிடம், ஓட்டிப் பார்க்க விடாவிட்டால் வேறு பட்டறைக்குப் போங்கள் என்று சொல்லிவிட்டேன். முதலாளி கேட்டிருந்தால் என் வேலையும் போயிருக்கும். கண்டிராக்டர் யோசித்து, தானும் கூட வருவதாக ஒப்புக்கொண்டார். பின்சீட்டில் அவர், முன்னால் சவரிமுத்துவும் நானும். கிள்ளான் ரோட்டில் சமதரையில் கார் நன்றாகவே போயிற்று. கிளம்பும்போதே சவரிமுத்துவின் சாப்பாட்டு டப்பாவைத் திறந்து பார்த்தார் கண்டிராக்டர். புளிச்சாதம். இன்றைக்கு வேண்டுமென்றே மாற்றி எடுத்து வந்திருக்கிறான் என்றார்.

வழியில் பத்து தீகா என்ற ஊருக்கு முன்னால் ஒரு மேடு உண்டு. அதில் ஏறத் தொடங்கியதும் எஞ்சின் பெரிதாக அலறியது. கார் அதற்குத் தக்கபடி போகவில்லை. அலறல் கூடக்கூட வேகம் குறைந்தது. பாதி மேட்டில் வாடை வந்தது. கண்டிராக்டர் சொன்னது சரிதான். இறைச்சி சுடுகிற வாடை. நான் குனிந்து காலடிப் பலகையில் கை வைத்தேன். சுட்டது. எனக்குத் தெரிந்துவிட்டது. எஞ்சின் சுற்றுகிறது, அந்தச் சுற்று சக்கரத்துக்குப் போய்ச் சேரவில்லை. நடுவில் இருக்கிற கிளச் வழுக்குகிறது. வழுக்கினால் தேயும், தேய்ந்தால் கருகும்.

வண்டியை நிறுத்தச் சொல்லி, இப்படி எஞ்சின் அலறிக் கார் நகராமல் இருப்பது எத்தனை நாளாக என்று கேட்டேன். அது ரெண்டு மாசமாக இருக்கிறது என்றார் கண்டிராக்டர். பத்து நாளாக என்னை அடியில் படுக்கவைத்தவர் இதை ஒருமுறைகூடச் சொல்லவில்லை. ஏன் சொல்லவில்லை என்றேன். என் அறியாமையைப் பார்த்து இரங்கினார்: "நான் வாடைக்குத்தான வைத்தியம் கேட்டேன். ஓடாததுக்கு நான் கேட்டேனா? அதுக்குத் தனியாக் கூலி கேப்பீரு."

பலகைக்கு அடியில்

கண்டிராக்டர் பத்து தீகாவில் ரயிலேறிப் போய்விட்டார். கருகுகிற காரில் திரும்புவது அவர் மரியாதைக்குச் சரியில்லை. நாங்கள் மெதுவாக ஓட்டி வந்து, பட்டறையில் காலடிப் பலகையைப் பெயர்த்தோம். அந்தக் காலத்து இங்கிலீஷ் கார்களில் கிளச் என்பது ஒரு பெரிய கூம்பு. மாவரைக்கிற உரலுக்குள் குழவி உட்காருவது போல எஞ்சின் சக்கரத்துக்குள் போய் இறுகி உட்காரும். பிடிப்புக்காகக் கூம்பைச் சுற்றித் தோல் ஒட்டியிருப்பார்கள். மாட்டுத்தோல். அந்தத் தோல் காய்ந்துவிடாமல் அவ்வப்போது அதற்கான எண்ணெயைக் கொஞ்சம் விட வேண்டும். இந்தக் காரில் தோல் கரிந்து, அதன் மேல் பழுப்பு நிறத்தில் ஒரு பூச்சு ஏறிப் பளபளத்தது. நகத்தால் சுரண்டினேன். பிசின். பழைய விளக்கின் அடியில் ஒட்டியிருக்குமே, அதே பிசின். என்ன எண்ணெய் விட்டாய் என்று சவரிமுத்துவிடம் கேட்டேன்.

அவன் சொன்னது இது. துரை காரை விற்றபோது ஆறு டின் எண்ணெயும் கொடுத்துவிட்டுப் போனார். மாட்டுக் குளம்பைக் காய்ச்சி எடுத்த எண்ணெய். டின்னின் மேல் ஒரு மாடு நிற்கும். ரெண்டு மாதம் முன்னால் பூஜையின்போது கண்டிராக்டர் அந்த மாட்டைப் பார்த்துவிட்டார். டின்களைக் கோலால் தள்ளித் தள்ளிச் சாக்கடையில் போடவைத்து, பூஜையறை விளக்கில் மிஞ்சுகிற நல்லெண்ணெயைக் கொடுத்தார். சாமிக்கு ஏற்றிய எண்ணெய் காருக்கு ஆகாதா என்றாராம். சவரிமுத்து வெள்ளிதோறும் அதை ஒரு கரண்டி விட்டுவந்தான். கார் சூட்டில் நல்லெண்ணெய் பிசினாகி, தோல் வழுக்கி, கருகியிருக்கிறது. கண்டிராக்டர் மோந்தது தன் சொந்தப் பூஜை விளக்கின் எண்ணெயில் வறுபட்ட மாட்டுத்தோலை. இதை ஏன் முதல் நாளே சொல்லவில்லை என்று நான் கத்தினேன். சவரிமுத்து கரிந்த தோலைப் பார்த்துக்கொண்டே சொன்னான்: "நீங்க வாடையப் பத்திக் கேட்டீங்க அண்ணே. எண்ணெயப் பத்தி யாருமே கேக்கலியே."

ஆ செங்கின் யோசனை

இப்போது சங்கடம் எனக்கு. மாடு படம் போட்ட டின்னையே தாங்காதவரிடம், அவர் எட்டு மாதமாக மாட்டுத்தோலின் தயவில் ஊர்வலம் போகிறார் என்று எப்படிச் சொல்வது? காரை அன்றைக்கே விற்றுவிடுவார். கார் போனால் டிரைவர் எதற்கு? சொல்லாமல் விட்டால், பழி சவரிமுத்து மேலேயே இருக்கும், அப்போதும் வெள்ளிக்கிழமை அவன் வெளியே. ஆ செங் சுலபமாக வழி சொன்னான். புதுத்தோல் போடு, குளம்பு எண்ணெயை நல்லெண்ணெய்ப் போத்தலில் ஊற்றிக் கொடு, எலி செத்துக் கிடந்தது என்று சொல். சீனர் பட்டறையில் வாடிக்கையாளரின் மனம் கோணாமல் உண்மையைச் சுற்றிப் போகிற பாதைகள் நிறைய உண்டு. எனக்கும் அது பிடித்திருந்தது.

சவரிமுத்து ஒப்புக்கொள்ளவில்லை. வேலை வேண்டாமா என்றேன். வேண்டும் என்றான். ரூம் வேண்டாமா என்றேன். மழைக்காலத்தில் எங்கே போவேன் என்றான். பிறகு என்ன என்று நான் எரிச்சலோடு கேட்டேன். ஒரு டிரைவருக்கு இதற்குமேல் என்ன வேண்டியிருக்கும் என்று அப்போது எனக்கு விளங்கவில்லை. கரிந்த தோலை ஒரு காகிதத்தில் மடித்து என் கையில் கொடுத்தான். "நீங்களே காட்டுங்க அண்ணே. நான் எதையும் கட்டி வைக்கலேன்னு அவரு தெரிஞ்சுக்கிட்டு, தன் வாயால சொல்லட்டும். அப்புறம் போகச் சொன்னா போறேன்."

கண்டிராக்டர் கேட்ட கேள்விகள்

வியாழக்கிழமை காலை கண்டிராக்டர் வீட்டு வாசலில் நின்று, காகிதத்தைப் பிரித்துச் சொன்னேன். தோல், அதற்கு வேண்டிய எண்ணெய், அவர் கொடுத்த எண்ணெய், பிசின், கருகல், எல்லாம் வரிசையாக. அவர் காகிதத்தைத் தொடவில்லை. முதல் கேள்வி, இது எருமையா பசுவா என்பது. இங்கிலாந்து மாடு, விவரம் தெரியாது என்றேன். இரண்டாவது, எல்லாக் கார்களிலும் இது இருக்கிறதா. பலவற்றில் இருக்கிறது, உங்கள் செருப்பிலும் இருக்கிறது என்றேன். செருப்பை வாசலில் விடுகிறோம் வே என்றார். மூன்றாவது, தோல் இல்லாமல் முடியாதா. சிங்கப்பூருக்கு எழுதினால் கல்நார்ப் பட்டை வரும், ஒரு மாதமாகும் என்றேன். அவர் நாள்காட்டியைப் பார்த்தார். நாளைக்குத் துரை வருகிறார்.

இப்படி ஒரு மனிதர் தன் ஆசாரத்தையும் தன் கண்டிராக்டையும் ஒரே தராசில் வைத்து, முள் எந்தப் பக்கம் சாய்கிறது என்று பார்ப்பதை நேருக்கு நேர் காண்பது அபூர்வம். அதிக நேரம் எடுக்கவில்லை. நான்காவது கேள்வி, இது யார் யாருக்குத் தெரியும். மூன்று பேருக்கு என்றேன். அவர் கொல்லைப்பக்கம் திரும்பிச் சவரிமுத்துவைக் கூப்பிட்டார். அவன் வந்து, சட்டைப் பொத்தானைப் போட்டுக்கொண்டு நின்றான். அவர் சொல்லப்போகிற அந்த ஒரு வாக்கியத்துக்காகக் காத்திருந்தான். கண்டிராக்டர் வேறு எங்கோ பார்த்தபடி சொன்னார்: "ஏலே, நீ எங்கேயும் போண்டாம். ரூம்லயே இரி. புதுத்தோலு போட்டதும் அந்த மாட்டெண்ணெய நீதான் ஊத்தணும். நீ வேதக்காரன், ஒனக்குத் தோசமில்ல. ஊத்துத நேரம் சொல்லு, நான் ரோட்டப் பாத்துட்டு நிக்கேன்."

மன்னிப்பு

அன்று முழுதும் உட்கார்ந்து புதுத்தோல் ஒட்டினோம். வெள்ளிக்கிழமை எஞ்சினியர் துரை கிள்ளானுக்குப் போய், ரோட்டைப் பார்த்து, வாடையில்லாமல் திரும்பினார். சவரிமுத்து கண்டிராக்டரிடம் இன்னும் ஒருமுறை கேட்டானாம், காரில் ஒன்றும் கட்டி வைக்கவில்லை என்று வீட்டாரிடமாவது சொல்லுங்கள் என்று. அதை எப்படிச் சொல்ல, பிறகு வாடை எதிலிருந்து வந்தது என்று கேட்பார்களே என்றாராம் அவர். அதுவும் நியாயம்தான். ஒரு வாடை வந்தது என்று ஊருக்கே தெரிந்தபின் அதற்கு ஒரு காரணம் இருந்தாக வேண்டும். இரண்டு காரணங்களில் ஒன்று கோயில் கமிட்டித் தலைவரைத் தொடுகிறது. மற்றது பின்னறைக்காரனைத் தொடுகிறது.

பத்து நாள் கழித்துக் கண்டிராக்டர் டயருக்குக் காற்றடிக்கப் பட்டறைக்கு வந்தார். கமிட்டி ஆட்கள் இரண்டு பேர் கூட வந்திருந்தார்கள். வாடை என்னவாயிற்று என்று அவர்களில் ஒருவர் கேட்டார். கண்டிராக்டர், இந்தப் பயல்தான், உப்புக்கண்டம்தான், குடும்பம் இருக்கிறதே என்று மன்னித்து வைத்திருக்கிறேன், வேண்டுமானால் பிட்டரைக் கேளுங்கள் என்றார். அவர்கள் என்னைக் கேட்கவில்லை. அவருடைய பெரிய மனதைப் பற்றிப் பேசத் தொடங்கிவிட்டார்கள். கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன் என்று உங்களிடம் சொல்லிக்கொள்ள ஆசைதான். நான் குனிந்து, ஏற்கெனவே இறுகியிருந்த ஒரு நட்டை இறுக்கிக்கொண்டிருந்தேன்.

அவர்கள் காப்பிக்கடைக்குப் போனபின் சவரிமுத்து பம்பை எடுத்து வைத்தான். அவன் முகத்தைப் பார்க்க வேண்டியிருந்தது. எப்படி இருக்கிறாய் என்று கேட்டேன், வேறு என்ன கேட்பது. காரின் கதவைத் துணியால் ஒருமுறை துடைத்துவிட்டுச் சொன்னான்: "வேலை இருக்கு அண்ணே. ரூமும் இருக்கு. எம் மகளைத்தான் பள்ளிக்கூடத்துல உப்புக்கண்டம்னு கூப்பிடுறாங்களாம். வாத்தியாரும் சேத்து."

வாடை எங்கிருந்து வருகிறது என்று கண்டுபிடிப்பது பிட்டரின் வேலை என்றும், அதை யார் மேல் ஒட்டிவைப்பது என்பது காரின் சொந்தக்காரருடைய உரிமை என்றும் தெரிந்துகொண்ட அன்றைக்குத்தான் நான் இந்தத் தொழிலை முழுதாகக் கற்றவனானேன்.